நகத்தால் தடவிப் பாருங்கள்

கேள்வி: அப்பா ஓட்டிய பழைய காரைச் சரிசெய்து வருகிறேன். இன்ஜின் வேலை, பெயின்ட் எல்லாம் முடிந்தது. டேஷ்போர்டில் ஆயில், இக்னிஷன் விளக்குகளின் மேல் உள்ள எழுத்துகள் பாதி அழிந்துவிட்டன. லைட், வைப்பர் குமிழ்களிலும் அப்படித்தான். வெள்ளை பெயின்ட் பேனாவால் நானே எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கையெழுத்து முத்து முத்தாகவே இருக்கட்டும். இரண்டு மில்லிமீட்டர் எழுத்தில் கை நடுங்கியது நன்றாகத் தெரியும்.

முதலில் எழுத்தின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தட்டுகிறதா? அப்படியானால் அது பள்ளமாகச் செதுக்கிய எழுத்து, உள்ளே நிரப்பிய பெயின்ட்தான் போயிருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் மேலே அச்சடித்தது. விளக்கை மூடியிருக்கும் பிளாஸ்டிக் லென்ஸைக் கழற்றிப் பின்பக்கத்தையும் பாருங்கள், சிலவற்றில் எழுத்து அங்கேதான் இருக்கும். கழற்றுவதற்கு முன் பேட்டரி ஒயரை எடுத்துவிடுங்கள்.

பள்ள எழுத்து என்றால் பாதிக் கவலை விட்டது. சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீர், மெல்லிய பிரஷ், பழைய பெயின்டைக் கிளற மரப் பல்குச்சி, இவ்வளவு போதும். ஊசி வேண்டாம், ஒரு முறை வழுக்கினால் கீறல் நிரந்தரம். தின்னர் பக்கமே போகாதீர்கள். இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். ஒரு சிவப்பு லென்ஸில் ஒட்டியிருந்த பிசுக்கை எடுக்கப் பஞ்சில் தின்னரைத் தொட்டுத் துடைத்தேன். கண்ணெதிரே பால் ஊற்றினாற்போல் வெளுத்து, மயிரிழை விரிசல் ஓடிவிட்டது. அதற்கு வைத்தியமே கிடையாது.

குமிழுக்கு எனாமல் பெயின்ட் நல்லது. லென்ஸுக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக், தப்பு நடந்தாலும் காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். பள்ளம் நிரம்பும்படி தடவி, லேசாக இறுகியதும் மேற்பரப்பை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். விரலில் துணியைச் சுற்றித் துடைத்தால் துணி பள்ளத்துக்குள் இறங்கிப் பெயின்டை இழுத்துவரும். தடித்த அட்டைத் துண்டின் மேல் துணியை இழுத்துச் சுற்றி, எழுத்துக்குக் குறுக்காக ஒரே வழிப்பு. காய்ந்தபின் பெயின்ட் உள்வாங்கியிருந்தால் இன்னொரு முறை நிரப்புங்கள். வெள்ளை மெழுகு கிரயானைத் தேய்த்து நிரப்புகிறவர்களும் உண்டு. குமிழுக்குச் சரி, பல்ப் சூட்டில் இருக்கும் லென்ஸுக்கு ஆகாது.

அச்சடித்த எழுத்துதான் தலைவலி. துடைப்பதற்கு முன்பே பக்கத்தில் ஸ்கேல் வைத்து, நேர் எதிரே நின்று படம் எடுங்கள். மிச்சமிருப்பதும் முதல் துடைப்பிலேயே போய்விடலாம். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, எழுத்தின் வடிவத்தை வரைந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டு பிரின்டரில் வெள்ளை மை இல்லை. வெள்ளைக் காகிதத்தைத்தான் அது வெள்ளையாகக் காட்டுகிறது. தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் தாளில் வெள்ளை எழுத்தை அச்சடித்தால் வெறும் தாள்தான் வெளியே வரும். தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் வெள்ளை எழுத்துத் தாளைச் சொல்லிச் செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் ஸ்க்ரீன் பிரின்டிங் செய்பவரிடம் கொடுங்கள். கருப்புப் பின்னணியில் எழுத்து வழியே வெளிச்சம் வரும் லென்ஸ் என்றால் வீட்டிலேயே முடியும், கருப்பை மட்டும்தானே அச்சடிக்கிறோம்? ஒரு டெக்கால் படலத்தில் வெளிச்சம் கசிந்தால் மேலே இன்னொன்று. கடைசியில் நிறமில்லாத, பளபளக்காத மேல்பூச்சை (மேட் கிளியர் கோட்) மிக மெல்லியதாக அடியுங்கள், லென்ஸின் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் முதலில் சோதித்துவிட்டு.

கழற்றியாயிற்று, பல்பையும் எல்இடி ஆக்கிவிடலாம் என்று தோன்றும். மற்றதில் செய்யுங்கள், இக்னிஷன் விளக்கில் மட்டும் வேண்டாம். பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் உள்ள பல பழைய வண்டிகளில் அந்த பல்ப் வழியே போகும் மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. எல்இடி இழுக்கும் சொற்ப மின்சாரம் போதாமல் பேட்டரி சார்ஜ் ஏறாது.

அப்புறம், அழியாமல் நன்றாக இருக்கும் எழுத்துகளைத் தொடவே தொடாதீர்கள். புது வெள்ளை அவற்றின் பக்கத்தில் பல்செட் மாதிரி பளீரென்று துருத்திக்கொண்டு நிற்கும். நிரப்பும் வெள்ளையில் பல்குச்சி நுனியளவு மஞ்சளும் அதைவிடக் குறைவாகப் பழுப்பும் கலந்துகொள்ளுங்கள்.