வெள்ளை இறகு

மதிப்பிற்குரிய ஐயா,

நீங்கள் விளையாட்டைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. ஆனாலும் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது. ஸ்காட்லாந்தின் ஹார்ட் ஆஃப் மிட்லோதியன் (சுருக்கமாக ஹார்ட்ஸ்) கால்பந்து அணியின் 1914–15 லீக் பருவத்தைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். முதல் உலகப் போர் தொடங்கியிருந்த சமயம். முதல் எட்டு ஆட்டங்களையும் வென்று முன்னிலையில் இருந்த அணி. நவம்பரில் வீரர்கள் கூட்டமாகப் படையில் சேர்கிறார்கள். கடைசியில் நான்கு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் செல்டிக் அணியிடம் போகிறது. வீட்டில் சுகமாக இருந்தவர்கள் வாங்கிய பட்டம் அது. இன்றாவது அதை ஹார்ட்ஸுக்குக் கொடுப்பதுதானே நியாயம்?

இன்னொன்று. அவர்களைக் கோழைகள் என்று கேலி செய்து ஒரு வாசகர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம்தான் அவர்களை உசுப்பியது என்கிறார்கள். ஒரு வாசகர் கடிதத்துக்கு அவ்வளவு சக்தியா என்று பெருமையாக இருந்தது. இன்று போர் நடக்கும் உக்ரைனிலும் லீக் ஆட்டங்கள் நடக்கின்றனவாம். அங்கே அப்படி எழுத ஆள் இல்லையா?

ச.,
திருப்பூர்

*

அன்புள்ள ச.,

பட்டத்தைப் பற்றி இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். கொடுக்க வேண்டாம். செல்டிக் 65 புள்ளி, ஹார்ட்ஸ் 61. பருவத்தின் கடைசிக் கட்டத்தில் மார்ட்டன், செயின்ட் மிர்ரன் அணிகளிடம் தோற்றது ஹார்ட்ஸ்தான். ‘சுகமாக இருந்தவர்கள்’ என்று எழுதுவதற்கு முன்னால் பீட்டர் ஜான்ஸ்டன் என்ற பெயரைத் தேடிப் பார்த்திருக்கலாம். செல்டிக் வீரர். 1917இல் அராஸ் போர்முனையில் செத்தார்.

என்னை உறுத்தியது உங்கள் இரண்டாவது பத்தி. அதிலும் ‘பெருமை’ என்ற சொல். எத்தனையோ கடிதங்களுக்குப் பதில் போடாமல் கிடக்கும் நான் உங்களுக்கு உடனே எழுத உட்கார்ந்தது அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

அந்தக் கடிதம் ஹார்ட்ஸின் ஊரான எடின்பரோவின் மாலைப் பத்திரிகையில் 1914 நவம்பர் மத்தியில் வந்தது. எழுதியவர் சொந்தப் பெயர் போடவில்லை. ‘படைவீரன் மகள்’ என்று போட்டுக்கொண்டார். ஆயிரக்கணக்கானவர்கள் உயிரைக் கொடுக்கும்போது நிம்மதியாகப் பந்து விளையாடும் இந்த அணி, தன் பெயரைத் தற்காலிகமாக ‘மிட்லோதியனின் வெள்ளை இறகுகள்’ என்று மாற்றிக்கொள்ளலாமே என்பது அவருடைய யோசனை. அந்த ஆகஸ்டில்தான் ஃபோக்ஸ்டன் நகரில் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஒருவர் முப்பது பெண்களைச் சேர்த்து, சீருடை போடாத ஆண்களைக் கண்டால் கையில் வெள்ளை இறகைக் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். இறகு வாங்கினால் கோழை என்று பொருள். எழுதியவர் ஊரில் புழங்கிய கேலியை எடுத்து அணியின் பெயரில் ஒட்டினார். ஒட்டியது பிரமாதமாக ஒட்டிக்கொண்டது.

அவர் எதைப் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? ஜார்ஜ் சின்க்ளேர், நீல் மோர்லண்ட் என்ற இரண்டு ஹார்ட்ஸ் வீரர்கள் ரிசர்வ் படையில் பெயர் இருந்தவர்கள். போர் அறிவித்த ஆகஸ்டிலேயே அழைப்பு வந்து போய்விட்டார்கள். அன்று குதிரைப் பந்தயம் நிற்கவில்லை. 1915 மார்ச்சில் ஏய்ன்ட்ரீயில் கிராண்ட் நேஷனல் பந்தயம் தடையில்லாமல் நடந்தது. குதிரை வைத்திருந்த கனவான்களைவிட, வாரக்கூலிக்குப் பந்து உதைத்தவர்கள்மேல் வசை அதிகமாக விழுந்தது. கூலி வாங்குகிறவனுக்கு ஓய்வே கூடாது, அவனுடைய விளையாட்டைப் பார்த்துச் சனிக்கிழமை மத்தியானம் கத்துகிற இன்னொரு கூலிக்காரனுக்கும் கூடாது. இது எல்லா ஊரிலும் உள்ள நியாயம்தான்.

நான் இவ்வளவு கோபப்படக் காரணம் உண்டு. நானும் அப்படி ஒரு கடிதம் எழுதியவன்.

1977 நவம்பரில் புயல் தஞ்சைப் பக்கத்தைப் புரட்டிப் போட்டபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் மரமெல்லாம் தெருவில், கரண்ட் இல்லை, வயலில் மாடுகள் ஊதிக் கிடந்தன. கடைத்தெரு டீக்கடைத் திண்ணையில் நாலு பையன்கள் பட்டப்பகலில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவே அரிக்கேன் விளக்கில் உட்கார்ந்து ஒரு பத்திரிகைக்கு எழுதினேன். தலைப்பு ‘காயடிக்கும் காளைகள்’. கீழே ‘உண்மை விளம்பி’. அப்படியே அச்சானது. ஊரே சிரித்தது. அந்தச் சிலேடை தோன்றிய பிறகுதான் எனக்கு அந்தப் பையன்கள்மேல் கோபமே வந்தது என்பதை ஒப்புக்கொள்ள இருபது வருஷம் ஆயிற்று.

அவர்களில் ஒருவர் பின்னால் சைக்கிள் கடை வைத்தார். ஒருநாள் பஞ்சர் ஒட்டிக்கொண்டே சொன்னார்: “நீதான் எழுதினேன்னு அப்பவே தெரியும் தம்பி. மூணு ராத்திரி மரம் அறுத்துட்டு, செத்த மாட்டையெல்லாம் இழுத்துப் புதைச்சுட்டு வந்து உக்காந்தோம். கையெல்லாம் கொப்புளம். ஸ்ட்ரைக்கரைச் சுண்டக்கூட முடியல. சும்மா தள்ளிக்கிட்டு இருந்தோம்.” பிறகு எனக்கு டீ சொன்னார். பஞ்சருக்குக் காசு வாங்கவில்லை. அந்த மூன்று ராத்திரியும் நான் மெத்தையில் தூங்கினவன், ச. நீங்கள் பெருமைப்படும் சக்தி இதுதான்.

அந்தப் பெண்மணிக்கும் அந்த ‘வெள்ளை இறகு’ முதலில் வாயில் வந்திருக்கும், அறச்சீற்றம் பின்னால் வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. ஆனால் எழுதுகிறவனுக்கு எழுதுகிறவனின் கை தெரியும்.

இனி அந்தக் கடிதம்தான் அவர்களைப் படைக்கு அனுப்பியது என்ற கதை. பாதி உண்மை. அதே சமயத்தில் சர் ஜார்ஜ் மக்ரே என்ற துணி வியாபாரி, முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர், எடின்பரோவில் புதிய படையணி ஒன்றைத் திரட்டப் போவதாக அறிவித்தார். ஐம்பது வயது தாண்டியவர். நானும் கூட வராவிட்டால் உங்களைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்றார். சொன்னபடி போகவும் போனார். பிரான்சின் சோம் போர்முனை வரைக்கும் அந்தப் படையணிக்கு அவர்தான் தலைமை. ‘போ’ என்றவர் பெயரில்லாமல் இருந்துகொண்டார். ‘வா’ என்றவர் முன்னால் நடந்தார். (மக்ரேயையும் நான் முழுதாக மன்னிக்கவில்லை. அதை வேறொரு நாள் பார்ப்போம்.) நவம்பர் 25 அன்று ஹார்ட்ஸ் வீரர்கள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மேலும் சிலர் தொடர்ந்தார்கள். பின்னாலேயே ரசிகர்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். பரம எதிரியான ஹிப்ஸ் அணியின் ரசிகர்களும் வந்தார்கள்.

லீக் அதற்காக நிற்கவில்லை. வாரமெல்லாம் கவாத்து, சனிக்கிழமை ஆட்டம். இரவெல்லாம் அணிவகுத்து நடந்துவிட்டு, கொப்புளம் வெடித்த காலோடு மறுநாள் ஆட இறங்கியிருக்கிறார்கள். தடுப்பூசி போட்டுக் காய்ச்சலோடு ஆடியிருக்கிறார்கள். டாம் கிரேசி அந்தப் பருவத்தில் 29 கோல் போட்டவர். மார்ச்சிலேயே அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. மேலாளர் ஜான் மக்கார்ட்னியிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கடைசி வரை ஆடினார். அக்டோபரில் கிளாஸ்கோவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்தார். ஜேம்ஸ் ஸ்பீடி மக்ரேயின் அணியில் சேராமல் கேமரன் ஹைலேண்டர்ஸ் என்ற வேறு படைப்பிரிவில் சேர்ந்தவர். அவர் அதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 25 அன்று பிரான்சின் லூஸ் போர்முனையில் முடிந்தார். 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள்: ஹாரி வாட்டி, டங்கன் கரி, எர்னஸ்ட் எல்லிஸ். ஆகஸ்டில் ஜேம்ஸ் பாய்ட். அடுத்த வருஷம் ஜான் ஆலன். மொத்தம் ஏழு பேர்.

எடின்பரோ ஹேமார்க்கெட்டில், டிராம் போகும் தெருவில், இவர்களுக்காக 1922இல் திறந்த ஒரு கடிகாரத் தூண் நிற்கிறது. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அதில் மணி பார்த்துப் பார்த்துத்தான் டிராம் பிடித்தேன். என்ன தூண் என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை. ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், மழைக்கு ஒதுங்கினபோது படித்தேன். அன்றிலிருந்து ‘காயடிக்கும் காளைகள்’ மறுபடி தொண்டையில் நிற்கிறது. உங்கள் கடிதம் வந்தது அந்த நேரத்தில்.

உக்ரைன் கேள்விக்கு: 2022 ஆகஸ்டில் அங்கே லீக் மறுபடி தொடங்கியபோது மைதானத்தில் பார்வையாளர் இல்லை. சைரன் ஒலித்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் பதுங்குமிடத்துக்குப் போனார்கள், அடங்கியதும் வந்து விட்ட இடத்திலிருந்து ஆடினார்கள். சைரன் கேட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டு வருகிற ஒருவர் எழுதட்டும், ஆடலாமா கூடாதா என்று. திருப்பூரிலிருந்து நீங்கள் எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.

திட்டிவிட்டேன். வருத்தப்படாதீர்கள். உங்கள் வயதில் நான் இதைவிட மோசம். நீங்கள் பெயரின் முதல் எழுத்தையாவது போட்டீர்கள்.

பேடி கிராசனைப் பற்றி உங்கள் காணொளியில் சொன்னார்களா? தற்காப்பு ஆட்டக்காரர், அழகர். பந்தைத் தாண்டவிட்டாலும் விடுவான், கண்ணாடியைத் தாண்டிப் போகமாட்டான் என்று கூட ஆடியவர்கள் கிண்டல் செய்வார்களாம். படையில் சேர்ந்தார், காயம்பட்டார், விஷவாயுவும் பட்டது. திரும்பி வந்து மறுபடி ஹார்ட்ஸுக்கு ஆடினார். ரோஸ் தெருவில் மதுக்கடை வைத்தார். நுரையீரல் கெட்டு 1933இல் இறந்தார். ஹாரி வாட்டியின் சகோதரியைத்தான் கட்டியிருந்தார். 1915 பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்று அந்தக் கடையில் குடித்துக்கொண்டே எத்தனை பேர் வாதாடியிருப்பார்கள். அவர் கிளாஸ் கழுவிக்கொண்டு, எதிரே இருந்த கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்திருப்பார்.