இரண்டாவது ஓட்டமே தேர்வு

கேள்வி: சில ஆண்டுகளுக்குப் பிறகு ஓட்டம், சைக்கிள், மீண்டும் ஓட்டம் என்று தொடர்ந்து நடக்கும் டூயத்லான் போட்டிக்குத் திரும்ப விரும்புகிறேன். சைக்கிள் பயிற்சியை விடவில்லை, ஓட்டம்தான் நின்றுபோனது. இரண்டையும் எப்படிப் பங்கிடுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் இதயமும் நுரையீரலும் சைக்கிளால் தயாராக இருப்பதுதான் இப்போது கவனிக்க வேண்டிய ஆபத்து. மூச்சு வாங்காததால் வேகமாக ஓடத் தோன்றும். ஆனால், தரையில் பாதம் மோதும் அதிர்வைத் தாங்கும் எலும்பும் குதிகால் தசைநாரும் இதயம், நுரையீரலைவிட மெதுவாகவே வலுப்பெறும். ஆகவே முதல் இரண்டு மாதங்கள் வாரத்தில் மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், குறைந்த தூரமே ஓடுங்கள். வேகப் பயிற்சியைச் சைக்கிளிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பிறகு வாரம் ஒருமுறை ஓட்டம், சைக்கிள், ஓட்டம் என்று இடைவிடாமல் பழகுங்கள். மிதித்துக் களைத்த தொடைகளோடு ஓடும் அந்த இரண்டாவது ஓட்டத்தில்தான் பலர் தளர்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் முதல் ஓட்டத்தின் அவசரமே காரணம் என்பது என் உறுதியான கருத்து. 10, 40, 5 கிலோமீட்டர் கொண்ட முழுப் போட்டிக்கு உடனே பெயர் கொடுக்காமல், அதில் பாதியான 5, 20, 2.5 கிலோமீட்டர் ஸ்பிரிண்ட் போட்டியில் தொடங்குங்கள். கெண்டைக்காலில் வலி தங்கினால், அன்றைய ஓட்டத்தை விட்டுவிட்டுச் சைக்கிளை எடுங்கள்.