கட்டுச்சோற்றுக்குள் ஒரு பூனை

கேள்வி: ஐயா, வீட்டுத் தொட்டியில் ஜீப்ரா மீன் வளர்க்கிறேன். முட்டைகளில் சில வெள்ளையாகிப் பஞ்சு பூத்துவிடுகின்றன. அதே தண்ணீரில் பக்கத்து முட்டைக்கு ஒன்றும் ஆவதில்லை. கருவுக்கு நோய் எதிர்ப்புச் சக்தியே கிடையாது என்கிறான் என் மகன். அப்புறம் எப்படித் தப்பிக்கிறது?
வாசகி, கொளத்தூர், சென்னை

பதில்: கொளத்தூரிலிருந்து மீன் பற்றிக் கேள்வி வந்தால் எனக்குக் கொஞ்சம் உதறல்தான். வண்ணமீன் வியாபாரத்தில் ஊறிய ஊர் அல்லவா!

பஞ்சு பூத்தவை பெரும்பாலும் கருக்கூடாத முட்டைகள், அல்லது தொடக்கத்திலேயே செத்தவை. பூஞ்சை முதலில் பிடிப்பது செத்ததைத்தான், பிறகுதான் பக்கத்துக்குப் பரவும். இங்க் ஃபில்லரால் அவற்றை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். நான் காலையில் காபிக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவேன்.

உங்கள் மகன் சொன்னது முக்கால்வாசி சரி. கிருமிக்கு ஏற்ற ஆண்டிபாடியை (அதைப் பிடித்து முடக்கும் புரதத்தை) தானே செய்துகொள்ள ஜீப்ரா குஞ்சுக்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். முட்டையோ 2, 3 நாளில் பொரிந்துவிடும். அந்த இடைவெளியை நிரப்புவது தாய்.

கட்டுச்சோற்றில் எலியை வைத்துக் கட்டிய கதை தெரியுமே. தாய் மீன் பூனையை வைத்துக் கட்டுகிறது. அதன் ஈரல் விட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடும். சினைப்பையில் வளரும் முட்டை அதை உள்ளே இழுத்து, லிப்போவிட்டெல்லின், பாஸ்விட்டின் என்று துண்டு போட்டு மஞ்சள் கருவில் சேமிக்கும். (பெயர்தான் மஞ்சள். ஜீப்ரா முட்டையை லென்ஸில் பாருங்கள், கண்ணாடிபோல இருக்கும்.) இதெல்லாம் கருவுக்குச் சாப்பாடு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். கல்லூரியில் நானும் அப்படித்தான் பாடம் நடத்தினேன்.

சாப்பாடுதான், ஆனால் காவலும் அதுவே. பாஸ்விட்டின் பாக்டீரியாவின் வெளிச்சுவரை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைக் கொன்றும் விடும். சீனாவின் சிங்தாவ் நகரில் உள்ள கடல்சார் பல்கலைக்கழகத்தில் ஷாங் ஷிசுய் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இளங்கருவுக்குள் நுண்ணிய ஊசியால் கூடுதல் பாஸ்விட்டினைச் செலுத்தி, ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற மீன்கொல்லி பாக்டீரியாவையும் ஏற்றினார்கள். நிறையக் கருக்கள் தாக்குப்பிடித்தன. பாஸ்விட்டினோடு அதைக் கட்டிப்போடும் ஆண்டிபாடியையும் சேர்த்துச் செலுத்தியபோது அந்தப் பலம் வெகுவாகக் குறைந்துபோயிற்று. காவலாளியின் கையைக் கட்டிவிட்டுத் திருடனை விட்ட மாதிரி. காவலாளி யார் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி ஏது?

பாஸ்விட்டின் தனி ஆளும் இல்லை. பாக்டீரியாவின் சுவரை அறுக்கும் லைசோசைம், கிருமியைத் துளைத்து அழிக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள், தாயின் ஆண்டிபாடி எல்லாம் அந்த மூட்டையில் உண்டு. ஆகவே நோஞ்சான் பெண்மீனை ஜோடி சேர்க்காதீர்கள். முட்டைக்கு விடுவதற்கு முன் சில வாரம் நன்றாகத் தீனி போடுங்கள். தொட்டியடியில் கோலிகுண்டு பரப்ப மறக்காதீர்கள். இத்தனை அக்கறையாக மூட்டை கட்டிய தாயே, முட்டை கண்ணில் பட்டால் தின்றுவிடும்!

கேள்வி: கோழி முட்டையிலும் இந்தக் காவல் உண்டா? அப்படியானால் ஆம்லெட் சாப்பிட்டால் காய்ச்சல் வராதா?
வாசகர், திருச்சி

பதில்: உண்டு. மஞ்சளில் பாஸ்விட்டினும் தாய்க்கோழியின் ஆண்டிபாடியும், வெள்ளையில் லைசோசைமும் இருக்கின்றன. ஆனால் அந்த ஆண்டிபாடி குஞ்சுக்கு வைத்தது. தோசைக்கல் சூட்டில் அதன் உருவமே குலைந்துவிடும். காய்ச்சலுக்கு டாக்டரைப் பாருங்கள், ஆம்லெட்டை ருசிக்குச் சாப்பிடுங்கள்.