ஓடுகிற பெண்ணுக்குச் சோறு வேண்டாமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் மகளுக்கு வயது 17, எடை 50 கிலோ. பள்ளி அணியில் நெடுந்தூரம் ஓடுகிறாள், வாரத்தில் ஆறு நாள் பயிற்சி. கார்ப் (மாவுச்சத்து) கூடாது என்று யாரோ சொன்னதில் சோறு, ரொட்டி, பிரெட் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். முட்டையும் புரோட்டீன் பவுடரும்தான் சாப்பாடு. நான்கு மாதமாக மாதவிலக்கு இல்லை. ஓடுகிறவர்களுக்கு அது சகஜமாம். முழங்காலுக்குக் கீழே எலும்பும் வலிக்கிறதாம். என்ன கொடுக்கலாம் டாக்டர்?

பதில்: சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிறேன் அம்மா. முதலில் இந்த வாரமே அவளை மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதம் மாதவிலக்கு வராவிட்டால், ஓட்டக்காரியாக இருந்தாலும் காரணம் பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு, கர்ப்பப் பரிசோதனை எல்லாம் எழுதுவார்கள். வழக்கமானதுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சாப்பிடுவதில் பெரும்பகுதியை ஓட்டமே தின்றுவிட்டால், மிச்சத்தை வைத்து உடம்பு சிக்கனம் பிடிக்கும். அதில் மாதவிலக்கு நிற்கும், ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையும், எலும்பு வலுவிழக்கும். எலும்பு இன்னும் சேர்ந்துகொண்டிருக்கிற வயது இது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. பையன்களுக்கும் வரும். எடை குறையாமலேகூட வரும்.

வலிக்கிற எலும்பை ஒரு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஒரே இடத்தில் சுருக்கென்றால், அல்லது இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். மருத்துவர் பார்க்கும்வரை ஓட்டம் வேண்டாம்.

சரி, சாப்பாடு. இந்த அளவு பயிற்சிக்குக் கிலோ எடைக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து வேண்டும், அதாவது நாளுக்கு 250 முதல் 350 கிராம். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம்தான் இருக்கிறது. முட்டையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மூன்று வேளையும் சோறோ ரொட்டியோ தட்டில் இருக்கட்டும். பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஜாம் தடவிய பிரெட், முடிந்ததும் டாலும் சோறும். என்றாவது பீன்ஸ் பனி சௌ (பிரெட்டைக் குடைந்து உள்ளே பீன்ஸ் கறி நிரப்பியது) சாப்பிட்டாலும் குடி மூழ்காது.

புரதம் நாளுக்கு 60 முதல் 100 கிராம் போதும். சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட பீன்ஸ் பருப்பு), டால், கோழி, அமாசியிலேயே (புளித்த பால்) கிடைத்துவிடும். டின் மீன் சட்னியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் சேரும். புரட்டாசியில் மீனும் முட்டையும் நிறுத்துகிற வீடென்றால் பீன்ஸையும் அமாசியையும் கூட்டுங்கள். பவுடர் தேவையில்லை. டப்பாவில் எழுதாத ஊக்கமருந்து கலந்திருந்து பரிசோதனையில் மாட்டிய வீரர்கள் உண்டு.

இன்னொன்று. தென்னாப்பிரிக்காவில் மீலி மாவிலும் (மக்காச்சோள மாவு) பிரெட் மாவிலும் 2003 முதல் சட்டப்படி இரும்புச்சத்து சேர்க்கிறார்கள். பிரெட்டை விட்டவள் அதையும் சேர்த்தே விட்டிருக்கிறாள். உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை கேளுங்கள். சாப்பிட்ட கையோடு டீயும் வேண்டாம், இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேர விடாது.

கருத்தடை மாத்திரை கொடுத்து மாதவிலக்கை வரவழைக்கலாமே என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். மாத்திரையில் இரத்தப்போக்கு வரும், ஆனால் சாப்பாடு போதாத குறை அப்படியே இருக்கும், கண்ணுக்கும் தெரியாமல் போய்விடும். சோற்றைக் கண்டாலே பயப்படுகிறாள், ஒளித்து வைக்கிறாள் என்றால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்போது டயட்டீஷியனோடு மனநல ஆலோசகரும் தேவைப்படுவார்.