பக்கத்து வயலில் அடிக்கும் மருந்து நம் பயிரில் படிந்தால் சட்டம் என்ன செய்யும்?

கேள்வி: ஈரோடு மாவட்டம், கோபிசெட்டிபாளையம் அருகே 3 ஏக்கரில் நெல்லும் காய்கறியும் இயற்கை முறையில் பயிரிட்டு, அங்ககச் சான்றும் பெற்றிருக்கிறேன். வரப்பை ஒட்டிய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர், கத்தரிக்கும் காலிஃபிளவருக்கும் வாரம் தவறாமல் விசைத்தெளிப்பானால் மருந்து அடிக்கிறார். காற்று என் பக்கம் வீசும் நாள்களில் அது புகைபோல் வந்து பயிர்மேல் படிகிறது. தேனீப்பெட்டிகளின் முன்னால் தேனீக்கள் செத்துக் கிடக்கின்றன. மருந்துத் தொட்டியை எங்கள் வாய்க்காலிலேயே கழுவுகிறார். அங்கே கிடந்த காலிப் புட்டியில் மோனோகுரோட்டோபாஸ் என்று இருந்தது. 'அவர் நிலத்தில் அவர் அடிப்பதை நாங்கள் தடுக்க முடியாது' என்கிறார் வேளாண்மை அலுவலர். கிராமசபையில் தீர்மானம் போட்டுத் தடை செய்யலாமா? எனக்கு வேறு வழி உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேளாண்மை அலுவலர் சொன்னது தவறில்லை. ஆனால் அது பாதிப் பதில்தான். பூச்சிக்கொல்லிகள் சட்டம், 1968-இன் 38-ஆம் பிரிவு, ஒருவர் தம் சாகுபடியில் உள்ள நிலத்தில் பூச்சிமருந்தைப் பயன்படுத்துவதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்களிக்கிறது. சாகுபடியில் உள்ள நிலம் என்றே பிரிவு சொல்வதால், குத்தகைதாரரும் அந்த விலக்கைக் கோரலாம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-உம் தன் 18(3)-ஆம் பிரிவில் விவசாயியையும் விளைச்சலையும் விலக்கியே வைத்திருக்கிறது. மருந்து விற்கும் கடையில் ஒரு சட்டமும், காய்கறி விற்கும் சந்தையில் இன்னொரு சட்டமும் காவல் நிற்க, இடையில் இருக்கும் வயலில் இரண்டுமே இல்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1958-இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும், பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்துவிட்ட உணவுப்பொருளை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தத் துயரத்தின் விளைவாக வந்ததே பூச்சிக்கொல்லிகள் சட்டம் என்பதால், பதிவு, உரிமம், சிப்பமிடல், விற்பனை ஆகியவற்றில் காட்டிய கவனத்தை வயலில் நடக்கும் தெளிப்பில் காட்டவில்லை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த 20-க்கும் மேற்பட்டோர் நச்சேறி இறந்த பிறகும் இந்த நிலை மாறவில்லை. 2008-இலும் 2020-இலும் மாநிலங்களவையில் அறிமுகமான பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதாக்கள் சட்டமாகாமலே நின்றன. மண்ணையும் நீரையும் அடுத்த தலைமுறைக்கு மிச்சம் வைக்கும் வேளாண்மை வேண்டும் என்று அரசு உண்மையிலேயே விரும்புமானால், முதலில் திருத்த வேண்டியது இந்த 38-ஆம் பிரிவைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. அந்தப் புட்டியிலிருந்து தொடங்குங்கள். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிப் பயிர்களில் பயன்படுத்த 2005-இலேயே மத்திய அரசு தடை விதித்தது. பரவலாக விற்பனையில் இருந்த அதன் 36 சதவீதக் கரைசலையும் 2023-இல் வெளியான ஆணை முடிவுக்குக் கொண்டுவந்தது. வயலில் அடித்தவருக்கு 38-ஆம் பிரிவு துணை நிற்கலாம். விற்ற கடைக்காரருக்கு நிற்காது. எனவே புட்டியைக் கழுவாமல், கையுறை அணிந்து எடுத்து, காற்றுப் புகாத பையில் வையுங்கள். அதற்கு முன், கிடந்த இடத்திலேயே தேதியுடன் படம் எடுங்கள். புட்டியின் ஒட்டுச்சீட்டில் உள்ள சாய்ந்த சதுரத்தின் கீழ்ப்பாதியில் இருக்கும் நிறம் (கடும் நஞ்சுக்குச் சிவப்பு), தொகுதி எண் (பேட்ச் நம்பர்), தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி ஆகிய நான்கும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். இவற்றை இணைத்து, வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் மாவட்ட வேளாண்மை இணை இயக்குநருக்கும் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். 'பக்கத்து வயலில் மருந்து அடிக்கிறார்' என்று எழுதினால் பழைய பதிலே வரும். 'இந்தத் தொகுதி எண் கொண்ட, தடை செய்யப்பட்ட மருந்து இந்த வட்டாரத்தில் விற்கப்படுவதாகத் தெரிகிறது, விசாரியுங்கள்' என்று எழுதுங்கள். பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்குக் கடைக்குள் நுழையவும், இருப்பையும் பதிவேடுகளையும் சோதிக்கவும், மாதிரி எடுக்கவும், விற்பனையை நிறுத்திவைக்கவும் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. 14-ஆம் பிரிவின்படி கடையின் உரிமத்தை இடைநிறுத்தவோ ரத்து செய்யவோ முடியும். எந்தப் பூச்சிக்கு எதை அடிப்பது என்று பல ஊர்களில் முடிவு செய்பவர் விவசாயியைவிடக் கடைக்காரர்தான் என்பதால், கடையில் பிடித்தால் வயலிலும் பலன் தெரியும்.

கிராமசபைத் தீர்மானத்தால், பதிவு பெற்ற ஒரு மருந்தைத் தடை செய்ய முடியாது. மாநில அரசே 27-ஆம் பிரிவின்கீழ் குறுகிய காலத்துக்குத்தான் தடுக்க முடியும். தற்கொலைகளைக் குறைக்கும் நோக்கில் ஆறு மருந்துகளைத் தமிழ்நாடு அரசு 60 நாள்களுக்குத் தடை செய்தது அப்படித்தான். ஆனாலும் வாய்க்காலில் தொட்டி கழுவக் கூடாது என்ற தீர்மானம், பின்னால் நீதிமன்றத்தில் ஊரின் குரலாகப் பயன்படும்.

உங்களுக்கு உண்மையான பாதுகாப்பு உரிமையியல் சட்டத்தில் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், முதலில் பொருந்திய நிலப்பகுதிகளில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 7-ஆம் பிரிவின் விளக்க எடுத்துக்காட்டுகள், தன் நிலத்துக்குள் வரும் காற்றைப் பிறர் நியாயமற்ற முறையில் மாசுபடுத்தாமல் இருக்க ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் உரிமை உண்டு என்கின்றன. இயல்பாக வந்து சேரும் நீருக்கும் அதே உரிமை சொல்லப்பட்டிருக்கிறது. 38-ஆம் பிரிவின் விலக்கு பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து மட்டுமே. அண்டை நிலத்துக்குக் கேடு செய்ய அது யாருக்கும் அனுமதி தரவில்லை. எனவே கோபிசெட்டிபாளையம் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தர உறுத்துக்கட்டளை (ஒன்றைச் செய்யக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு) கோரி வழக்குத் தொடுக்கலாம். அதனுடன் தற்காலிகத் தடைக்கும், நேரில் பார்வையிட ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கவும் மனு செய்யலாம். பயிரிழப்புக்கும் தேனீ இழப்புக்கும் இழப்பீடு கேட்க 3 ஆண்டுகள் வரை காலம் உண்டு.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அவர் மருந்தே அடிக்கக் கூடாது என்று கேட்காதீர்கள். அவரும் கடன் வாங்கிப் பயிர் செய்பவராக இருக்கலாம். அவருடைய பிழைப்பை முற்றாக நிறுத்தும் உத்தரவை நீதிமன்றம் எளிதில் தராது. வரப்பிலிருந்து குறிப்பிட்ட அடி தூரத்துக்குள் விசைத்தெளிப்பான் கூடாது, காற்று உங்கள் பக்கம் வீசும்போது அடிக்கக் கூடாது, தேனீப்பெட்டிகளை மூடிவைக்க வசதியாக முதல் நாளே தெரிவிக்க வேண்டும், வாய்க்காலில் எதையும் கழுவக் கூடாது என்று அளவோடு கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இதையே வழக்குக்கு முன் ஒரு வழக்கறிஞர் அறிவிப்பாக அனுப்பினால், பல நேரங்களில் ஊரிலேயே பேசி எழுதி முடித்துக்கொள்ளவும் முடிகிறது.

வழக்கு நிற்பதும் விழுவதும் சான்றைப் பொறுத்தது. அடுத்த முறை மருந்து வந்து படிந்ததும், அன்றைக்கே, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வரப்போரப் பயிரின் இலையையும், வயலின் மறுகோடியில் உள்ள இலையையும் தனித்தனிப் பைகளில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, பயிரில் தங்கிய மருந்தின் எச்சத்தைச் சோதிக்கும், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வரப்போரத்தில் எச்சம் கூடுதலாகவும் மறுகோடியில் குறைவாகவும் இருந்தால், மருந்து எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. செத்த தேனீக்களையும் அப்படியே அனுப்பலாம். விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறைக்கும் நடந்ததை நீங்களே முந்திக்கொண்டு எழுதுங்கள். ஆய்வில் எச்சம் தெரிந்த பிறகு சொல்வதைவிட, முன்பே தெரிவித்து, வரப்போரத்தில் தடுப்பு இடைவெளி விட்டிருப்பதையும் காட்டினால், தவறு உங்களுடையது அல்ல என்று நிறுவுவது எளிதாகும்.

நச்சுப்பொருளை அலட்சியமாகக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 286-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் மனித உயிருக்கு ஆபத்து அல்லது காயம் நேரக்கூடும் என்று காட்ட வேண்டும். அந்த வாய்க்கால் நீரை மக்களோ கால்நடைகளோ குடிக்கிறார்கள் என்றால், பொதுத் தொல்லை என்ற அடிப்படையில் கோட்டாட்சியரிடமும் மனு கொடுக்கலாம். இல்லையெனில் காவல் நிலையத்துக்குப் போவதை இப்போதைக்குத் தவிர்க்கவே சொல்வேன். வரப்பு ஒன்றாக இருக்கும்வரை நீங்கள் இருவரும் அண்டையிலேயேதான் பயிர் செய்தாக வேண்டும்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி, வருமான வரம்பு ஏதுமின்றிப் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. பட்டா, அடங்கல், அங்ககச் சான்று, புகாரின் தபால் ரசீது, ஆய்வக அறிக்கை ஆகியவற்றின் நகல்களுடன் உங்கள் வட்டச் சட்டப்பணிகள் குழு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.