அம்மா போற ஜீப்பும் பத்து மார்க் டெய்லரும்

அக்கா, கம்பத்துல பிபிஏ ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். எல்லாமே பாயின்ட் பாயின்ட்டா மனப்பாடம்தான். பேசாம பி.காம். எடுத்திருக்கலாமோ? எம்பிஏ முடிச்சாதான் மதிப்பா? வீட்டுல வழி சொல்ல ஆள் இல்ல. அம்மா கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போறாங்க, அதுக்கும் என் படிப்புக்கும் சம்பந்தமில்ல. (பெயர் வேண்டாம்)

தம்பி,

பி.காமா பிபிஏவான்னு ரெண்டாம் வருஷத்துல உக்காந்து யோசிக்கிறது வீண் வேலை, விடு. எம்பிஏவுக்கு டான்செட்னு நுழைவுத் தேர்வு இருக்கு, அதுக்கு இன்னும் நாள் கெடக்கு. ஆனா கடைசியில 'சம்பந்தமில்ல'ன்னு எழுதினியே, அதப் படிச்சதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. கொஞ்ச நாளா நானும் இதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

வேலைய அளந்து வாங்குற சயின்டிபிக் மேனேஜ்மென்ட்னு பத்து மார்க்குக்கு எழுதுவியே, அதக் கொண்டுவந்த அமெரிக்க இன்ஜினியர் டெய்லர் 1911ல போட்ட புத்தகத்துலயே ஒரு கணக்கு இருக்கு. அமெரிக்காவுல பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனி யார்டுல ஒரு ஆள் நாளைக்கு 12.5 டன் இரும்புக்கட்டி சுமந்துக்கிட்டு இருந்தாரு, அவர 47 டன் சுமக்க வச்சாங்க, கூலி 1.15 டாலர்ல இருந்து 1.85 டாலர் ஆச்சு. சுமை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி ரெண்டு மடங்கு கூட இல்ல. இத ஒரு தடவையாவது பேனா எடுத்துப் போட்டுப் பாத்தியா? அட்வான்டேஜஸ் ஆறு, டிஸ்அட்வான்டேஜஸ் நாலுன்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்ப. நிர்வாகத்துக்கு 14 கொள்கை எழுதின ஃபேயோலும் நிலக்கரிச் சுரங்கத்துல இன்ஜினியரா இருந்தவருதான். உன் பாடமெல்லாம் கூலிக்காரங்க நடுவுல இருந்து வந்ததுப்பா, நீ என்னடான்னா அம்மாவ வெளிய நிறுத்திட்டுப் படிக்கிற.

எங்கம்மாவும் கேரளாவுக்குப் போற கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறினவங்கதான். விடியறதுக்கு முன்னாடியே தூக்குவாளியில சோத்தக் கட்டிக்கிட்டு ஜீப்புல நெருக்கியடிச்சுப் போவாங்க, லீவு விட்டா நானும் போவேன். செடியடியில குத்தவச்சு சரத்த ஒதுக்கி வெளஞ்ச காயாப் பாத்து எடுக்கணும், இடுப்பு விட்டுப் போயிரும். சாயங்காலம் எடை போடுறப்ப சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவுன்னு கணக்குப்பிள்ளை கழிப்பாரு. அம்மா பள்ளிக்கூடம் போனதில்ல, ஆனா எவ்வளவு கழிச்சாங்கன்னு மலை இறங்குற வரைக்கும் விரல் விட்டு எண்ணிக்கிட்டே வருவாங்க. அதுக்கு உன் புத்தகத்துல காஸ்டிங்னு, அதாவது செலவுக் கணக்குக்குன்னு தனி பேப்பரே இருக்கு.

பச்சை ஏலக்காய் ஏறக்குறைய அஞ்சு கிலோ, காய வைக்கிற ஸ்டோர்ல காஞ்சா ஒரு கிலோதான் நிக்கும். அந்த ஒரு கிலோ, 2018 வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் காய் இல்லாம வெலை ஏறி, 2019 ஆகஸ்ட்ல இடுக்கி புத்தடியில ஏலம் விடுற எடத்துல 7000 ரூபா வரைக்கும் போச்சு. அந்த வருஷம் அம்மா கூலி எவ்வளவு ஏறுச்சுன்னு கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. காலேஜ்ல அம்மா என்ன செய்றாங்கன்னு கேட்டா பேச்ச மாத்துற ஆளுன்னு உன் லெட்டரப் பாத்தாலே தெரியுது, எனக்குக் கோவம் அதுலதான்.

வீட்டுல வழி சொல்ல ஆள் இல்லன்னு இனிமே எழுதாத. இந்த ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட உக்காரு. ஒரு நாளைக்கு எத்தன கிலோ எடுக்குறாங்க, எதுக்கெல்லாம் கழிக்கிறாங்க, ஜீப்புக் காசு யார் தர்றா, மழை பெஞ்சு வேலை நின்னா கூலி உண்டா, எல்லாத்தையும் கேட்டு நோட்டுல எழுது. அவங்க அலுத்துப்போய் வந்திருப்பாங்க, முதல்ல ஒரு டீ போட்டுக் குடு. செமினாருக்கு லேபர் காஸ்ட்னு தலைப்பு கேட்டு வாங்கிக்கிட்டு அந்தக் கணக்கையே போடு, போட்டுட்டு எனக்கும் ஒரு காப்பி அனுப்பு, டான்செட் பத்தி அப்பப் பேசிக்கலாம்.