ஃபேட் ஏறுது, மாடு இளைக்குது

கேள்வி: எச்.எஃப். கலப்பு மாடு, மூன்றாம் ஈத்து. கன்று போட்டு 14 நாள் ஆகிறது. ஐந்தாறு நாளாக அடர்தீவனத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, வைக்கோலை மட்டும் கடிக்கிறது. பால் 18 லிட்டரிலிருந்து 12-க்கு வந்துவிட்டது. ஆனால் சொசைட்டியில் 3.9 இருந்த ஃபேட் இப்போது 5.4. சினையில் நன்றாகக் கொழுகொழுவென்று இருந்த மாடு. மருந்துக்கடைக்காரர் தினம் 200 கிராம் பைபாஸ் ஃபேட்டும் (வயிற்றில் சிதையாமல் குடலுக்குப் போகும் கொழுப்புத் தீவனம்) லிவர் டானிக்கும் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பைபாஸ் ஃபேட் வேண்டாம். வாங்கியிருந்தால் மூட்டையைக் கட்டி வையுங்கள். மாடு பழையபடி தின்ன ஆரம்பித்த பிறகு பார்க்கலாம். அந்த 5.4 நீங்கள் போட்ட தீவனத்தில் வந்ததல்ல. மாட்டின் முதுகிலும் இடுப்பிலும் இருந்த கொழுப்புதான் கரைந்து கேனில் போகிறது. கீட்டோசிஸ் என்கிற நோய் போலத் தெரிகிறது.

கரைக்கச் சொல்வது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. கன்று போட்டதும் பாலுக்குப் போகிற சத்தைத் தீனி ஈடுகட்டாது. அப்போது ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் ஏறும். அது ஒரு புரதம். கொழுப்புத் திசுவை இன்சுலின் பேச்சைக் கேட்காமல் செய்து, கொழுப்பமிலங்களை ரத்தத்தில் இறக்கிவிடும். ஓரளவுக்கு எல்லா கறவையிலும் நடப்பதுதான். கொழுத்த மாட்டில் அது வெள்ளமாகிவிடும். கல்லீரலால் அத்தனையையும் முழுசாக எரிக்க முடியாது. பாதி எரிந்தது கீட்டோனாகி மூச்சிலும் பாலிலும் மணக்கும். மீதி கல்லீரலிலேயே படியும். மாட்டின் கல்லீரல் கொழுப்பை வெளியேற்றுவதில் ரொம்ப மந்தம்.

ஆக, ரத்தத்தில் கொழுப்பு வழிகிறது, இல்லாதது குளுக்கோஸ். ஒரு லிட்டர் பாலுக்குச் சுமார் 70 கிராம் குளுக்கோஸ் வேண்டும். 18 லிட்டருக்கு ஒன்றேகால் கிலோ. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி பாட்டிலில் இருப்பது 125 கிராம். அதனால்தான் பாட்டில் ஏற்றியதும் நிமிர்கிற மாடு சாயங்காலம் மறுபடி படுக்கிறது. வெல்லக் கரைசலும் உதவாது. வயிற்றில் நொதித்து, அதில் ஒரு பங்கு கீட்டோனுக்கே கச்சாப்பொருளாகும்.

முதலில் உறுதிசெய்யுங்கள். மனிதர்களுக்கு விற்கும் கீட்டோன் சிறுநீர்ப் பட்டையே போதும். பின்புறம் வாலுக்குக் கீழே, அறைக்கு (பிறப்புறுப்புக்கு) சற்றே அடியில், விரலால் மெதுவாகத் தடவினால் மாடு சிறுநீர் விடும். பட்டை கரும் ஊதாவானால் சந்தேகமில்லை. ரத்தத்தில் பார்த்தால் பி.எச்.பி. என்ற கீட்டோன் லிட்டருக்கு 1.2 மில்லிமோலுக்கு மேல் மறைமுகக் கீட்டோசிஸ், 3-க்கு மேல் முற்றியது.

மருந்து, புரொப்பிலீன் கிளைக்கால் தினம் ஒரு வேளை 300 மில்லி, ஐந்து நாள். தலையை அண்ணாந்து தூக்காமல், கடைவாய் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மூச்சுக்குழலில் போனால் நிமோனியா. தீவனத்துக்கென்று விற்பதையே வாங்குங்கள். ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். டெக்ஸ்ட்ரோசும் ஸ்டீராய்டும் கால்நடை மருத்துவர் பார்த்துப் போடட்டும். நச்சுக்கொடி தங்கியிருக்கிறதா, மடிநோய் உண்டா என்றும் அவர் பார்க்க வேண்டும். இடது விலாவில் தட்டும்போது உலோகத்தைத் தட்டினாற்போல் 'ணங்' என்றால் நாலாம் இரைப்பை இடம்மாறியிருக்கிறது. அதற்கு எந்தக் கரைசலும் பலிக்காது.

லிவர் டானிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லீரல் கொழுப்பை வெளியேற்ற கோலின் உதவும், உண்மைதான். ஆனால் சாதாரணக் கோலினை வயிற்று நுண்ணுயிரிகளே தின்று தீர்த்துவிடும். பூச்சு பூசிய கோலின்தான் குடலை எட்டும். லேபிளைப் படிக்காமல் விற்கிற கடைக்காரரிடம் மருந்து வாங்கலாம், யோசனை வாங்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இது: கடைசி இரண்டு மாதச் சினையில் மாடு ஏன் கொழுகொழுவென்று இருந்தது? கன்று போடும்போது உடல்கட்டுக்கு ஐந்துக்கு மூன்றேகால், மூன்றரை மதிப்பு போதும். வாலடிக் குழியில் கொஞ்சம் சதை இருக்கலாம். குழியே தூர்ந்து, விலாவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாலும் எலும்பு தட்டுப்படவில்லை என்றால் கூடுதல். கொழுத்த மாட்டுக்குப் பசியும் குறைவு. கன்று போடுவதற்கு முன்பே தீனி இறங்கிவிடும். அதற்காக வற்றிய காலத்தில் பட்டினி போட்டு இளைக்கவைக்காதீர்கள். அப்போதே கொழுப்பு கரையத் தொடங்கி இதே நோய் வரும். சரிசெய்ய வேண்டிய நேரம் கறவையின் கடைசி மூன்று மாதம். பால் 6 லிட்டருக்கு இறங்கிய பிறகும் 18 லிட்டருக்கான தவிடு பிண்ணாக்கையே அள்ளிப்போடுவது அப்போதுதான் நடக்கிறது.